டுனெடின் இசைக்குழுக்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எண்பதுகளின் போஸ்ட்-பங்க் (பங்க் ராக்குக்கு அடுத்து வந்த ராக்) இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த இசையைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத மாட்டார்களா என்று வெகுநாள் காத்திருந்தவன் நான். மான்செஸ்டர், லண்டன் பகுதிகள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் நியூசிலாந்துக்குக் கிடைத்தது நான்கே வரி. அதிலும் தி சில்ஸ் ஆஸ்திரேலிய இசைக்குழு என்று அச்சாகியிருக்கிறது. அது டுனெடின் நகரத்துக் குழு. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். அதைவிட என்னை வருத்தியது, வெளிநாட்டில் பேர் வாங்கிய அந்த ஒரு குழுவைத் தவிர அங்கே சொல்ல எதுவும் இல்லை என்கிற தொனி.

டுனெடின் நியூசிலாந்தின் தென் தீவில், அதன் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. நம்மில் பலருக்குக் கிரிக்கெட் செய்திகளில் வரும் பெயராகத்தான் தெரியும். 1848இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறி உருவாக்கிய ஊர். நாட்டின் முதல் பல்கலைக்கழகமான ஒடாகோ 1869இல் தொடங்கியது இங்கேதான். எண்பதுகளில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர். பெரிய இசை நிறுவனங்களோ வட தீவில் இருந்தன. மாணவர்களும், வேலை கிடைக்காமல் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளிய இளைஞர்களும் குளிரடிக்கும் பழைய வாடகை வீடுகளில் ஒத்திகை பார்த்து, எம்பயர் போன்ற பப்களில் வாசித்தார்கள்.

கட்டுரையில் கிறிஸ் நாக்ஸ் பெயரே இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை. 1977 வாக்கில் டுனெடினில் தி எனிமி என்ற பங்க் குழுவைத் தொடங்கியவர் அவர். அந்த ஊர்ப் பையன்கள் பலர் கித்தாரைக் கையில் எடுத்ததே அந்தக் குழுவைப் பார்த்துத்தான். அடுத்து அவர் இருந்த டாய் லவ் குழு பெரிய நிறுவனம் ஒன்றுக்காக ஆல்பம் செய்தது. மேடையில் இருந்த வேகம் இசைத்தட்டில் வரவில்லை என்பதில் நாக்ஸுக்குக் கடும் ஏமாற்றம். 1980இல் குழு கலைந்தது. அப்புறம் அவர் ஒரு டியாக் நான்கு டிராக் டேப் ரெக்கார்டர் வாங்கினார். டுனெடினின் கதையே அந்த மெஷினிலிருந்துதான் தொடங்குகிறது என்பேன்.

நான்கு டிராக் என்றால் டேப்பில் நான்கு தனித்தனி ஒலிப்பாதைகள், அவ்வளவுதான். டிரம்ஸ், பேஸ், கித்தார், குரல் என்று பதிந்ததுமே இடம் முடிந்துவிடும். மேலும் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால், நான்கும் நிரம்புவதற்கு முன்பே, பதிந்த இரண்டு மூன்று பாதைகளை ஒன்றாகக் கலந்து காலியாக இருக்கும் பாதையில் ஏற்ற வேண்டும். கலந்தபின் பிரிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் இரைச்சல் கொஞ்சம் கூடும். அந்தக் காலத் தட்டுகளில் கேட்கும் மூட்டமான ஒலிக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஸ்டூடியோவுக்குள் கால் வைக்கக் காசில்லாதவர்களும் இதனால் இசைத்தட்டு போட முடிந்தது.

1981இல் கிறைஸ்ட்சர்ச்சில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த ரோஜர் ஷெப்பர்ட், ஃபிளையிங் நன் என்ற லேபிளை, அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தை, தொடங்கினார். அதே ஆண்டு டுனெடினின் தி கிளீன் குழு 'டாலி ஹோ' என்ற சிங்கிளை வெளியிட்டது. அதைப் பதிவுசெய்ய ஆன செலவு சுமார் 50 டாலர் என்பார்கள். தேசியத் தரவரிசையில் அது 19ஆம் இடம் வரை போனது. அதில் ஆர்கன் வாசித்தவர் சில்ஸின் மார்ட்டின் ஃபிலிப்ஸ். ஒரு குழு இன்னொரு குழுவுக்குக் கைகொடுப்பது அங்கே வழக்கமாகவே இருந்தது. சில்ஸை மட்டும் தனியே உருவி எடுத்துப் பேச முடியாது என்று நான் சொல்வதும் இதனால்தான். அதே ஆண்டுக் கடைசியில் கிளீனின் அடுத்த தட்டான ஓர் ஈ.பி.யை (சிங்கிளைவிடப் பெரியது, ஆல்பத்தைவிடச் சிறியது) நாக்ஸும் ஒலிப்பதிவாளர் டக் ஹுட்டும் அந்த நான்கு டிராக்கில் பதிந்தார்கள். அது முதல் ஐந்து இடங்களுக்குள் ஏறி, மாதக்கணக்கில் பட்டியலை விட்டு இறங்கவில்லை.

1982இல் 'டுனெடின் டபுள்' வந்தது. இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு குழு: தி சில்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், தி ஸ்டோன்ஸ், தி வெர்லைன்ஸ். நாக்ஸின் அதே மெஷினில் கிறைஸ்ட்சர்ச்சில் பதிந்தது. கட்டுரையாளர் இந்தத் தட்டின் நான்கு பக்கங்களையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாமே என்பது என் ஆதங்கம். வெர்லைன்ஸின் கிரேம் டௌன்ஸ் மேற்கத்திய சாஸ்திரிய இசையை ஊன்றிப் படித்தவர், பிறகு ஒடாகோவில் இசை கற்பித்தவர். அவருடைய பாட்டுகள் போகும் திருப்பங்களில் அந்தப் படிப்பு தெரியும். ஸ்னீக்கி ஃபீலிங்ஸில் அறுபதுகளின் பாப் மெட்டுகள் மேல் அவர்களுக்கிருந்த காதல் தெரியும். ஸ்டோன்ஸோ மூன்றே பேர், கரடுமுரடான வாசிப்பு. 'டுனெடின் சவுண்ட்' என்று ஒரே முத்திரை குத்தி, கணகணக்கும் கித்தார் என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம் நியூசிலாந்துக்கு வெளியே மிக அதிகம். உங்கள் கட்டுரையும் அதையே செய்திருக்கிறது. இந்த நான்கு பக்கங்களை அடுத்தடுத்துக் கேட்டால் அந்த முத்திரை நிற்காது.

ஸ்டோன்ஸைப் பற்றி எங்கேயும் அதிகம் எழுதப்படுவதில்லை. 1983இல் ஒரு ஈ.பி. போட்டார்கள், பிறகு கலைந்தார்கள். அதன் உறுப்பினர் வெய்ன் எல்சி அடுத்து ஷேன் கார்ட்டருடன் சேர்ந்து டபுள்ஹாப்பிஸ் குழுவைத் தொடங்கினார். 1985இல் இசைப் பயணத்தின்போது ரயிலில் நேர்ந்த விபத்தில் இறந்துபோனார். கார்ட்டர் பின்னாளில் ஸ்ட்ரெய்ட்ஜாக்கெட் ஃபிட்ஸ் குழுவில் பெரிய பேர் வாங்கினார். எல்சியின் நினைவாக அவரும் இசைக்கலைஞர் பீட்டர் ஜெஃப்ரீஸும் 1986இல் ஒரு சிங்கிள் வெளியிட்டார்கள். சில்ஸுக்கும் இப்படி ஓர் இழப்பு உண்டு. அவர்களுடைய டிரம்மர் மார்ட்டின் புல் 1983இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். உலகம் முழுக்க இன்றும் கேட்கப்படும் 'பிங்க் ஃப்ராஸ்ட்' 1984இல் வெளிவந்தது. அதில் ஒலிப்பது அவர் உயிரோடு இருந்தபோது பதிந்த டிரம்ஸ். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தப் பாட்டு வேறு மாதிரி இறங்குகிறது.

எனக்கு மிகப் பெரிய குறை, லுக் ப்ளூ கோ பர்ப்பிள் குழு விடுபட்டது. ஐந்து பெண்கள். 1983இல் சேர்ந்து 1987 வரை வாசித்தார்கள். போட்டது மூன்றே ஈ.பி. ஆண்கள் நிறைந்திருந்த அந்த வட்டத்தில் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதி, பல குரல்களைப் பின்னிப் பாடி, கித்தார்களுக்கு நடுவே புல்லாங்குழலையும் கொண்டுவந்தார்கள். ஃப்ளூட்டும் கீபோர்டும் வாசித்த நார்மா ஓ'மாலியின் கை அந்தப் பாட்டுகளின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. டிரம்ஸ் வாசித்த லெஸ்லி பாரிஸ் பிறகு ஃபிளையிங் நன் லேபிளையே நிர்வகித்தார். "பெண்கள் குழு" என்று மட்டும் சொல்லி இவர்களை ஒதுக்குவதும் தவறு. ஊரின் மிகச் சிறந்த குழுக்களில் ஒன்று என்றே நான் வைப்பேன். சில நாள் சில்ஸுக்கும் மேலே வைப்பேன்.

ஃபிளையிங் நன் வளர்ந்து வெளிநாட்டுச் சந்தையைப் பார்க்கத் தொடங்கியபோது, இன்னும் ஒதுங்கியிருந்தவர்களுக்காக 1988இல் ப்ரூஸ் ரஸ்ஸல் பக்கத்துத் துறைமுக ஊரான போர்ட் சால்மர்ஸில் எக்ஸ்பிரஸ்வே லேபிளைத் தொடங்கினார். கேசட்டுகளாகவே நிறைய வந்தன. இரைச்சலையே இசையாக்கிய அவருடைய தி டெட் சி குழுவுக்கும் சில்ஸுக்கும் ஒலியில் ஓர் ஒற்றுமையும் கிடையாது. ஆனால் இரண்டும் அதே சின்ன வட்டத்தில் பிறந்தவை.

மான்செஸ்டரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு தட்டின் ஒரு பக்கத்தையோ மூன்று ஈ.பி.யையோ விட்டுப்போன குழுக்களைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. அந்தக் கதைகளை நேரில் சொல்லக்கூடியவர்களும் குறைந்து வருகிறார்கள். கிளீனின் ஹாமிஷ் கில்கோர் 2022இல் காலமானார். மார்ட்டின் ஃபிலிப்ஸ் 2024 ஜூலையில், 61 வயதில் போய்விட்டார். கிறிஸ் நாக்ஸை 2009இல் பக்கவாதம் தாக்கியது. பேச்சு பெருமளவு பாதிக்கப்பட்டது. உங்கள் இதழ் இந்தத் தொடரை நீட்டிப்பதாக இருந்தால், அடுத்த பகுதியை டுனெடினுக்கு முழுவதுமாகக் கொடுங்கள். சில்ஸை ஒரு பத்தியில் நிறுத்திக்கொண்டு மற்றவர்களுக்கு இடம் விடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கட்டுரையாளர் கேட்டால், லுக் ப்ளூ கோ பர்ப்பிளின் பதிவுகளைத் தொகுத்து 2017இல் 'ஸ்டில் பிவிட்ச்ட்' என்ற ஆல்பம் வந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு 'டுனெடின் டபுள்' பக்கம் வரட்டும். ஸ்டோன்ஸ் இருக்கும் பக்கத்தைத் தாண்டிப் போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கள் வாசகர்,
திருச்சி