அஞ்சு கட்டம்: பைக் ஸ்க்ரீனுக்கு சாஃப்ட்வேர் எழுதுறவங்களுக்கு டர்பன்ல இருந்து ஒரு திறந்த மடல்

சென்னையிலயும் ஓசூர்லயும் புனே பக்கத்து சாக்கன்லயும் உக்காந்து பைக் மீட்டருக்கு சாஃப்ட்வேர் எழுதுற தம்பி தங்கச்சிகளுக்கும், அவங்களுக்கு மேல இருக்கிற மேனேஜர்மாருக்கும், ஹெல்மெட்டுக்குள்ள மாட்டுற ஹெட்செட் செய்றவங்களுக்கும், அதையெல்லாம் இறக்கி இங்க தென்னாப்பிரிக்காவுல விக்கிற டீலர்களுக்கும் வணக்கம்.

நான் கோவில்பட்டிக்காரன். டர்பன் வந்து 9 வருஷம் ஆச்சு, சாட்ஸ்வொர்த்துல குடியிருக்கேன், ஹார்பர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புல எலக்ட்ரீஷியன் வேலை. சனிக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா என் வீட்டு வாசல்ல ரெண்டு மூணு பைக் நிக்கும், எல்லாம் ஹெல்மெட்ல ஹெட்செட் மாட்டிக் குடுங்க, பைக்கோட இணைச்சுக் குடுங்கன்னு வர்றவங்க. காசு வாங்குறதில்ல, யாராவது பன்னி சௌ, அதான் பிரட்டை குடைஞ்சு குழம்பு ஊத்தி குடுக்கிறது, வாங்கிட்டு வருவாங்க, வாசல்லயே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே வேலை நடக்கும். அதனால நான் சொல்றது ஒரு பைக்க வச்சு சொல்றதில்ல, பல பைக், பல ஹெட்செட்ட கையில எடுத்து பார்த்துட்டுத்தான் சொல்றேன். சொல்ல வந்தது ரெண்டு விஷயம்: மீட்டர்ல தமிழ் பேர் தெரியாதது, மீட்டரே ஹெட்செட் லைனை அறுத்து விடுறது.

ஏன் தமிழ்ல எழுதுறேன்னா, இங்க ஷோரூம்ல நிக்கிற ராயல் என்ஃபீல்டு நம்ம ஒரகடத்துலயும் வல்லம் வடகால்லயும் செஞ்சு வருது, பிஎம்டபிள்யூ ஜி 310 ஓசூர்ல டிவிஎஸ் ஃபேக்டரியில செஞ்சது. 2018ல டிவிஎஸ் என்டார்க் 125 ஸ்கூட்டர்ல ப்ளூடூத் மீட்டர் வச்சப்பவும் சரி, 2023ல ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450ல வட்ட ஸ்க்ரீன்ல கூகுள் மேப் அப்படியே தெரிஞ்சப்பவும் சரி, எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு, இங்க இருக்கிற பசங்ககிட்ட எல்லாம் எங்க ஊர்ல செஞ்சதுடான்னு காமிச்சேன். இந்த வேலையில தமிழ் பேசுற எத்தனையோ பேர் இருக்கீங்க. நீங்க படிச்சா போதும், மேல இருக்கிறவங்களுக்கு நீங்களே எடுத்து சொல்லிருவீங்க.

போன வருஷம் ஆகஸ்ட் மாசம், ஒரு செவ்வாக்கிழமை. வேலை முடிஞ்சு ஹிக்கின்சன் ஹைவேல வந்துகிட்டு இருக்கேன், மணி நாலே முக்கால், ஊர்ல அப்ப ராத்திரி எட்டேகால். மீட்டர்ல கால் வருது. பச்சை கலர்ல போன் படம், பேர் இருக்க வேண்டிய இடத்துல வரிசையா அஞ்சு கட்டம். வெறும் கட்டம், உள்ள ஒன்னுமே இல்ல. காதுல ரிங் மட்டும் கேக்குது. அது அம்மா தினமும் கூப்பிடுற நேரம், சாப்பிட்டியான்னு கேப்பாங்க, ரோட்ல ஒரே நெரிசல், சரி வீட்டுக்கு போய் பேசிக்கலாம்னு இடது கட்டை விரலால கட் பண்ணிட்டேன். மறுபடி அஞ்சு கட்டம், மறுபடி கட். மூணாவது தடவ வந்தப்பவும் கட் பண்ணேன். வீட்டுக்கு வந்து குளிச்சு டீ போட்டு போனை எடுத்து பார்த்தா கூப்பிட்டது அம்மா இல்ல, அண்ணன். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போற வழியில கூப்பிட்டிருக்கார், அட்வான்ஸ் கட்டணும், உடனே பணம் அனுப்புடான்னு சொல்றதுக்கு. பக்கத்து வீட்டு சித்தப்பா குடுத்து சமாளிச்சுட்டாங்க, அப்பா இப்ப நல்லா இருக்கார், ஸ்டென்ட் வச்சிருக்கு. ஆனா மூணு தடவ கட் பண்ணது இன்னும் என் கட்டை விரல்லயே இருக்கு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம உக்காந்து எண்ணி பார்த்தேன். அம்மாங்கிற பேர் கம்ப்யூட்டர் கணக்குக்கு அ, ம, புள்ளி, ம, கால், ஆக அஞ்சு. அப்பாவும் அஞ்சு. அண்ணாவும் அஞ்சு. அக்காவும் அஞ்சு. தம்பிய எண்ணினா த, ம, புள்ளி, ப, ப மேல போடுற கொக்கி, அதுவும் அஞ்சு. என் வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் உங்க ஸ்க்ரீன்ல ஒரே ஆளு.

இது பெரிய ராக்கெட் வேலை இல்லன்னு உங்களுக்கே தெரியும். போன்ல இருக்கிற பேரை மீட்டருக்கு அனுப்புற ப்ளூடூத் முறை, பிபேப்னு சொல்லுவீங்க, அது பேரை எந்த மொழி எழுத்தும் போகக்கூடிய யூடிஎஃப்-8லதான் அனுப்புது. எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கிற யூனிகோடுல தமிழ் 1991லயே வந்தாச்சு. அப்ப எழுத்து ஒழுங்கா மீட்டர் வாசல் வரைக்கும் வந்து நிக்குது, உள்ள ஃபான்ட் இல்லாததால வெளியிலயே நிக்குது. ஃபான்ட் மட்டும் போட்டாலும் பத்தாது. எங்க குரூப்ல ஒருத்தர் பைக்ல தமிழ் எழுத்து வருது, ஆனா கோபால்னு வர வேண்டியது முதல்ல க, அப்புறமா தனியா கொம்பு, தனியா கால்னு பிரிஞ்சு கிடக்கு, படிக்க முடியாது. கொம்பு முன்னாடி போகணும், கால் பின்னாடி நிக்கணும், அந்த அடுக்குற வேலைக்கு ஹார்ஃப்பஸ் மாதிரி லைப்ரரி இருக்கு, நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் இருக்கு, ரெண்டும் இலவசம். ஸ்டார்ட் பண்ணும்போது பைக் படம் சுத்தி சுத்தி வர்ற அனிமேஷனுக்கு இடம் இருக்கு, எங்க அம்மா பேருக்கு இல்லையா?

தென்னாப்பிரிக்காவுல தமிழ் யாருக்கு வேணும்னு டீலர் ஒருத்தர் என்கிட்டயே கேட்டார். இந்த நாட்டு 1996 அரசியல் சட்டத்துல, 6வது பிரிவுல, மதிச்சு வளர்க்கணும்னு பேர் சொல்லி எழுதியிருக்கிற மொழிகள்ல தமிழும் ஒன்னு. அது போகட்டும். என்கூட ஓட்டுற தம்பி ஒருத்தன் இங்கயே பொறந்தவன், அவனோட பாட்டிக்கு பாட்டி கரும்பு தோட்டத்துக்கு கப்பல்ல வந்தவங்க, அவன் வீட்ல இங்கிலீஷ்தான், என்னை அண்ணான்னு கூப்பிடுறது தவிர தமிழ் ரொம்ப வராது. அவன் போன்ல ஒரே ஒரு பேர் தமிழ்ல இருக்கு, ஆயா. கோயில் கிளாஸ்ல எழுத கத்துக்கிட்டு அவனே டைப் பண்ணது. புது பைக் எடுத்த அன்னைக்கு பாட்டிய கூப்பிட சொல்லி ஸ்க்ரீன பார்த்தான், மூணு கட்டம் வந்துச்சு. அவன் ஒன்னும் சொல்லல, போனை எடுத்து பேரை இங்கிலீஷ் எழுத்துல மாத்திட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன்.

சரி, ஹெட்செட் விஷயத்துக்கு வரேன், இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

மார்ச் மாசம் நாங்க நாலு பேர் ஹாரிஸ்மித் போனோம், விடியக்காலை 4 மணிக்கு கிளம்பி என்3 ஹைவே புடிச்சு. டர்பன் ஹார்பருக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் நடுவுல ஓடுற கண்டெய்னர் லாரியெல்லாம் ஏறி இறங்குற ரோடு அது, வான் ரீனன் பாஸ்ங்கிற மலைப்பாதை பக்கம் வந்தா மூடுபனி எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது. என் ஹெட்செட் ஒரு கம்பெனி, முன்னால போன தம்பியோடது வேற கம்பெனி. முதல் நாள் ராத்திரி வாசல்ல ரெண்டையும் கனெக்ட் பண்ணி பேசி பார்த்தோம், சூப்பரா கேட்டுச்சு. வழியில இருக்கிற மூய் ரிவர்ங்கிற ஊர் வரைக்கும் கதை பேசிக்கிட்டேதான் போனோம். அங்க பெட்ரோல் போட சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், அவ்வளவுதான் நான் பண்ணது. மீட்டர் முழிச்சதும் தானா போய் என் ஹெட்செட்ட புடிச்சுக்கிச்சு, தம்பியோட லைன் அறுந்து போச்சு, ஒரு பீப் வந்திருக்கும் போல, லாரி சத்தத்துல எனக்கு கேக்கல. ஸ்க்ரீன்ல ஹெட்செட் படம் பச்சையா எரியுது, அதை பார்த்து எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நம்பிட்டேன். பயல் என்ன பேசாம வர்றான், தூக்கமான்னு நினைச்சுகிட்டே மலை ஏறுறேன். பனி இறங்கி 20 மீட்டருக்கு அங்கிட்டு ஒன்னும் தெரியல. இடது லேன்ல ஒரு லாரி பிரேக்டவுன் ஆகி நிக்குது, அவன் அதை தாண்டிட்டு "அண்ணா லாரி, அண்ணா லெஃப்ட்ல லாரி"ன்னு மூணு நாலு தடவ கத்தியிருக்கான். என் காதுல காத்து சத்தம் மட்டும். பனிக்குள்ள இருந்து ரெண்டு ஆரஞ்சு லைட் மங்கலா மினுக்குது, அடுத்த நொடி அந்த லாரியோட பின் பம்பர் கண்ணு முன்னாடி. ஏபிஎஸ் துடிக்கிறது கால் பாதத்துல தெரிஞ்சுது. வலது பக்கம் வண்டி வராததால தப்பிச்சேன். மேல போய் நிப்பாட்டினப்ப தம்பி ஹெல்மெட்ட கழட்டிட்டு அழுதுட்டான்.

வீட்டுக்கு வந்து ரெண்டு மூணு வாரம் உக்காந்து நோண்டினதுல புரிஞ்சது இது. ஹெட்செட்டுக்குள்ள பாட்டுக்கு ஒரு வழி, ஏ2டிபி, பேச்சுக்கு தனி வழி, ஹேண்ட்ஸ்ஃப்ரீ ப்ரொஃபைல். பேச்சு வழியில பொதுவா ரெண்டு போனுக்குத்தான் இடம் இருக்கு. வேற கம்பெனி ஹெட்செட்டோட பேச யூனிவர்சல் இன்டர்காம்னு ஒன்னு வச்சிருக்காங்க இல்ல, அது என்ன பண்ணுதுன்னா நானும் ஒரு போன்தான்னு சொல்லி அதே பேச்சு வழியில உள்ள வந்து உக்காருது. இப்ப என் போனுக்கு ஒரு இடம், தம்பிக்கு ஒரு இடம், ரெண்டும் சரியா போச்சு. அதுல பைக் மீட்டரும் நானும் போன்தான்னு வந்து நிக்குது. ரெண்டு சீட்டுக்கு மூணு பேர், யாரை எழுப்பி விடணும்னு என்னை கேக்காம ஹெட்செட்டே முடிவு பண்ணி தம்பிய இறக்கி விட்டுருச்சு. இதுல யார் மேல தப்புன்னு கேட்டா பைக்காரங்க ஹெட்செட்ட காட்டுறாங்க, ஹெட்செட்காரங்க பைக்க காட்டுறாங்க, ரெண்டு பேருக்கும் மெயில் போட்டேன், ரெண்டு பக்கமும் போனை அப்டேட் பண்ணுங்கன்னு ஒரே பதில்.

எனக்கு வேண்டியது ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். மீட்டர் மெனுவுல ஹெட்செட்ட தொடாதேன்னு ஒரு ஆப்ஷன். மீட்டர் போனோட மட்டும் பேசட்டும், யார் கூப்பிடுறாங்க, எந்த பக்கம் திரும்பணும்னு காட்டட்டும், சத்தம் எல்லாம் போன்ல இருந்து நேரா என் காதுக்கு வரட்டும். அந்த ஆப்ஷன் சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் மறக்கக்கூடாது. சில பைக்ல இது இருக்கு, இருக்கிற பைக் எல்லாம் என் வாசலுக்கு ஒரு தடவைக்கு மேல வந்ததில்ல. ஒருவேளை போனுக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவுல மீட்டர் இருந்தாத்தான் வேலை செய்யும்னா அதை வெளிப்படையா சொல்லிருங்க. 2018 ஹோண்டா கோல்டு விங்தான் ஐபோன் மேப், பாட்டையெல்லாம் ஸ்க்ரீன்ல காட்டுற ஆப்பிள் கார்ப்ளே வந்த முதல் பைக், ஹெட்செட் மாட்டினாத்தான் அதுல கார்ப்ளே திறக்கும், அதை முன்னாடியே சொல்லித்தான் வித்தாங்க. தெரிஞ்சு வாங்குறது வேற, வான் ரீனன்ல போய் தெரிஞ்சுக்கிறது வேற.

அதே மாதிரி லைன் அறுந்தா ஸ்க்ரீன்ல பெருசா காட்டுங்க. பச்சை ஹெட்செட் படத்துக்கு அர்த்தம் பைக்கும் ஹெட்செட்டும் பேசுதுங்கிறது மட்டும்தான், நான் என் ஆளுகளோட பேசுறேன்னு அர்த்தமில்ல, இது ஓட்டுறவனுக்கு எப்படி தெரியும்?

ஹெட்செட் செய்றவங்களே, உங்க மெஷ், அதான் ஹெட்செட்டெல்லாம் தங்களுக்குள்ள வலை மாதிரி கோத்துக்கிட்டு பேசுற முறை, நல்லா இருக்கு, நான் மறுக்கல, ஒரே கம்பெனி வச்சிருக்கிறவங்க பத்து பேர் போனாலும் அறுக்காம போகுது. ஆனா சேனா கம்பெனி மெஷ்ஷும் கார்டோ கம்பெனி மெஷ்ஷும் ஒன்னுக்கொன்னு பேசாது, இங்க நாலு பேர் சேர்ந்தா மூணு கம்பெனி ஹெட்செட் இருக்கு, எல்லாரும் ஒரே கம்பெனி வாங்குற அளவுக்கு யார்கிட்டயும் காசு இல்ல. 2020 ஜனவரியில எல்இ ஆடியோன்னு புது ப்ளூடூத் முறைய அறிவிச்சப்ப ஒரு இடத்துல இருந்து பல காதுக்கு சத்தம் போகும்னாங்க, சந்தோஷம், ஆனா அது எங்க ஹெல்மெட்டுக்கு வர்ற வரைக்கும் இப்ப ஹெல்மெட்ல மாட்டியிருக்கிற ஹெட்செட்ட கைவிட்டுறாதீங்க. மூணாவது ஆள் வந்தா யாரை இறக்கணும்னு என்னை தேர்ந்தெடுக்க விடுங்க. உங்க ஆப்ல ஒரு வரி போதும்.

டீலர்களுக்கு ஒரு வார்த்தை. பைக்க டெஸ்ட் ரைடு குடுக்கிறீங்க, மீட்டரை மட்டும் ஏன் டெஸ்ட் பண்ண விட மாட்டேங்கிறீங்க? என் ஹெல்மெட்டோட வரேன், என் ஹெட்செட்ட மீட்டரோட இணைச்சு, சாவிய நாலு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பார்த்துட்டு அப்புறம் பணம் கட்டுறேன். எந்த ஹெட்செட், எந்த வெர்ஷனோட சோதிச்சதுன்னு ஒரு தாள்ல எழுதி ஒட்டுங்க, "ப்ளூடூத் உண்டு"ன்னு மட்டும் எழுதினா அதுல ஒரு தகவலும் இல்ல. 2008 கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் சட்டத்துல 56வது பிரிவை படிச்சிருப்பீங்க, சரியா வேலை செய்யாத சாமானை 6 மாசத்துக்குள்ள திருப்பி குடுக்க எனக்கு உரிமை இருக்கு. எனக்கு திருப்பி குடுக்க ஆசை இல்ல. அந்த பைக்க எனக்கு ரொம்ப புடிக்கும், இஞ்சின்ல ஒரு குறை சொல்ல முடியாது.

என்கிட்ட ஒரு டப்பாவுல இப்ப ஏழு ஹெட்செட் இருக்கு, நண்பர்களோட பழசு புதுசு எல்லாம் சேர்த்து, நாலு கம்பெனி. எது எந்த மீட்டரோட அறுக்குது, எத்தனாவது தடவ சாவி போட்டா அறுக்குதுன்னு ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். உங்க டீம்ல யாருக்காவது அது உபயோகப்படும்னா பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்புறேன், டெஸ்ட் ஃபர்ம்வேர் அனுப்பினா என்3ல ஓட்டி பார்த்து எழுதுறேன், தமிழ் பேரை வச்சும் சோதிச்சு சொல்றேன். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல எப்ப வேணாலும் கூப்பிடுங்க, அப்ப நான் பைக்ல இருக்க மாட்டேன், வாசல்லதான் இருப்பேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்துல இருந்து ஒரு கோவில்பட்டிக்காரன்