சனிக்கிழமை மழை வருமா என்று கேட்டாய்

அன்புள்ள மகனுக்கு,

"அம்மா, அடுத்த சனிக்கிழமை மழை வருமா?" சனி முதல் திங்கள் வரை பிள்ளைகளோடு மலையில் கூடாரம் போடப் போகிறீர்கள், அதற்கு இவ்வளவுதான் உன் செய்தி. வானிலை நிலையத்தில் வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு மேகம் என்று மணிக்கு மணி எழுதியே காலத்தைக் கழித்தவள் நான். என்னிடம் ஒரு வரியில் பதில் கேட்டால் எப்படி? வரும், வராது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது ஜோசியம். 1861 ஆகஸ்டில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான முதல் வானிலைக் கணிப்பை வெளியிட்ட பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிட்ஸ்ராய்க்கே இந்தச் சங்கடம் இருந்தது. இது தீர்க்கதரிசனம் இல்லை, கணக்குப் போட்டுச் சொல்கிற அபிப்பிராயம் என்று ஊருக்கு விளக்கியே மனிதர் ஓய்ந்துபோனார். நானும் விளக்குகிறேன், கேள்.

இன்று வியாழன். நீங்கள் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உன் போன் அந்தச் சனிக்கிழமைக்கு இப்போதே ஒரு கறுப்பு மேகமும் மூன்று துளியும் வரைந்திருக்கும். அதைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்துவிடாதே. ஐந்து நாள் கணிப்பு சுமார் 90 சதவீதம் சரியாக வருகிறது, ஏழு நாள் கணிப்பு சுமார் 80 சதவீதம். பத்து நாளுக்கு மேல் போனால் பாதிக்குப் பாதிதான். இது அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவே சொல்லும் கணக்கு. ஒன்பதாம் நாளுக்கு ஒரு படத்தைப் போட்டுவிட்டு, எவ்வளவு நம்பிக்கையோடு போட்டோம் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்களே, எனக்கு அந்தச் செயலிகள் மேல் உள்ள கோபமே அதுதான்.

ஏன் இப்படி என்றால், 1961இல் எட்வர்டு லோரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி கம்ப்யூட்டரில் ஒரு சின்ன வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தார். 0.506127 என்று இருந்த எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். முதலில் பழைய பாதையிலேயே போன கணக்கு, கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசியில் வேறொரு வானமாக ஆகிவிட்டது. இன்றைய காற்றை நாம் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் அந்தக் கடைசி மூன்று இலக்கம் மாதிரி ஏதாவது விட்டுப்போகும். அதனால்தான் ஐரோப்பிய வானிலை மையம் ஒரே கணிப்பை, தொடக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டுகிறது. ஐம்பதும் ஒரே பக்கம் போனால் தைரியமாக நம்பலாம். ஆளுக்கொரு பக்கம் சிதறினால், அந்த நாளைப் பற்றி யாருக்கும் உறுதியில்லை என்று அர்த்தம்.

அப்புறம், "மழை வாய்ப்பு 40 சதவீதம்" என்றால் பகலில் நாற்பது சதவீத நேரம் கொட்டும் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருப்பதாக உன் அக்கா சொன்னாள். அப்படி இல்லை. நீ நிற்கிற இடத்தில், அந்த நேரத்துக்குள், அளக்கிற அளவுக்காவது மழை விழ நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு, அவ்வளவே. அளக்கிற அளவு என்பது கால் மில்லிமீட்டர். சட்டை கூட நனையாது. வாய்ப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று பார்ப்பது முக்கியம்.

குளிர் நாடுகளில், வசந்தத்தின் கடைசியில் அந்த மணிதான் எல்லாம். மே கடைசி வாரத்துச் சூரியன் ஜூலை மூன்றாம் வாரத்துச் சூரியன் நிற்கிற அதே உயரத்தில் நிற்கிறது. தரை மளமளவென்று சூடாகிறது. மேலே ஐந்தாறு கிலோமீட்டரில் இன்னும் குளிர்காலத்து மிச்சம். கீழே சூடு, மேலே குளிர் என்றால் காற்று சும்மா இருக்காது. காலையில் துடைத்துவிட்ட மாதிரி நீலம், பதினொன்றுக்குப் பஞ்சுப் பொதிகள், இரண்டு மணிக்கு அவற்றில் ஒன்று காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே புடைக்கும். அப்படிப் புடைத்தால் மலையை விட்டு இறங்கத் தொடங்கு. மேலே ஏறுவதெல்லாம் காலையிலேயே முடியட்டும். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். கூடாரம் உங்களைக் காப்பாற்றாது, கார் காப்பாற்றும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் உள்ளேயே இருங்கள். சின்னவன் அழுவான், அழட்டும்.

அதே சூரியன் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். காற்று சிலுசிலுவென்று இருப்பதால் வெயில் தெரியாது, ஆனால் தோலைப் பொசுக்குவது ஜூலை வெயில்தான். தண்ணீர் இதற்கு நேர் எதிர். கடலும் ஏரியும் சூடாக நிலத்தைவிட வாரக்கணக்கில் பிந்தும். 25 டிகிரி பகலில் 12 டிகிரி தண்ணீரில் குதித்தால் மூச்சு அடைத்துப்போகும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதே கதி. பேத்தியிடம் கணுக்கால் வரைதான் என்று இப்போதே சொல்லி வை. மலையில் பனி உருகும் காலம் என்பதால் ஆற்றோரத்தில் கூடாரம் போடுவதும் வேண்டாம்.

இன்னொரு வகை மழை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வரும். முதல் நாள் உயரத்தில் கீற்று மேகம் பரவும், இரவில் நிலாவைச் சுற்றி வட்டம் கட்டும். "அகல வட்டம் பகல் மழை" என்று பாட்டி சொல்வாளே, அது பல தடவை பலிக்கும். அந்த வட்டத்தைக் கட்டுவது மேலே இருக்கிற பனிப்படிகங்கள். பெரும்பாலும் மழை முகப்பு ஒன்றின், அதாவது சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லையின், முன்னோடிகள். அந்த மழை சில மணி நேரத்தில் கடந்துவிடும். அதற்காகப் பயணத்தை விடாதே, அரை நாள் தள்ளிப்போடு.

நான் பயப்படுவது மூன்றாவது வகைக்கு. மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்று இந்தப் பருவத்தில் தளர்ந்து வளையும். அந்த வளைவிலிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வு அறுபட்டுத் தனியாக நின்றுவிடும். தள்ள ஆளில்லாத வண்டி மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். எப்போது நகரும் என்று சொல்வது எங்கள் எல்லோருக்கும் தலைவலி.

உனக்கு ஏழு வயதில் அப்படி ஒன்றில்தான் மாட்டினோம். நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை வானிலை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஞாயிறு காலை தெளிந்துவிடும்" என்று நான்தான் சொன்னேன். ஞாயிறு தெளியவில்லை. திங்களும் தெளியவில்லை. கூடாரத்துக்கு மேலே அப்பா அந்த நீலத் தார்ப்பாயைக் கட்டி, மழை தேங்கத் தேங்கக் கம்பால் குத்தி வடித்துக்கொண்டே இருந்தார். செவ்வாய் பகல், வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில், கார் கண்ணாடிக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்தது. இன்றைக்கும் நான் "தெளிந்துவிடும்" என்று சொன்னால் உன் அப்பா ஒன்றும் பேசாமல் போய்க் குடையை எடுத்துக்கொள்கிறார். தப்பு வரைபடத்தில் இல்லை. "தெளியலாம்" என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அதனால் சொல்கிறேன், சனி, ஞாயிறு, திங்களை மட்டும் பார்க்காதே. அடுத்து வரும் செவ்வாய், புதனையும் பார். தாழ்வு விலகி, பின்னால் வறண்ட காற்று வந்தால் கழுவி வைத்த மாதிரி வானம் கிடைக்கும். முடிந்தால் செவ்வாய்க்கு ஒரு நாள் விடுப்பு கேட்டு வை. ஆனால் ஒன்று, அந்தத் தெளிந்த இரவுகள் நன்றாகக் குளிரும். மேகப் போர்வை இல்லாததால் சூடு மேலே போய்விடும், பள்ளத்தாக்கில் உறைபனி கூட விழலாம். மலையில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி எடுத்துக்கொள்.

சரி, நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஞாயிறு வரை போனைத் திறக்காதே. திங்கட்கிழமை பார், அப்போது அது ஐந்து நாள் கணிப்பு. அன்று சொன்னதையே புதன்கிழமையும் சொன்னால் நம்பலாம். தினமும் பேச்சை மாற்றினால் மருமகளிடம் சொல்லி, கூரை உள்ள இடம் ஒன்றையும் பார்த்து வைக்கச் சொல். வெள்ளி இரவு மணிவாரியாகப் பார். கிளம்பிய பிறகு, மழை இப்போது எங்கே பெய்கிறது என்று காட்டும் ரேடார் படம் மட்டும் போதும்.

புதன் இரவு கூப்பிடு, நானும் வரைபடத்தைப் பார்த்து வைக்கிறேன். அந்த நீலத் தார்ப்பாய் உன்னிடம் இருக்கிறதா, இல்லை இங்கே பரணில் தேடவா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா