ஏணியில் எத்தனாவது படி, அக்கா?

ஊலு, பின்லாந்து, டிசம்பர் 14, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி முடிந்ததும் நீ போட்ட கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. பரீட்சை, வேலை, அப்புறம் சோம்பல் என்று வைத்துக்கொள். ஃபோனில் பேசலாம் என்றால் அம்மா "சாப்பிட்டியா" என்பாள், நான் "ஆச்சு" என்பேன், அதோடு சரி.

மார்ச் மாதத்துப் பேப்பரை வெட்டி அப்பா இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார், டீக்கடையில் எல்லாரிடமும் "என் பையன் இருப்பது உலகத்திலேயே சந்தோஷமான நாடு" என்று காட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். நீயாவது அவருக்கு விளக்கிச் சொல். வருஷா வருஷம் வரும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018லிருந்து பின்லாந்துதான் முதலிடம், அது உண்மைதான். ஆனால் அது யாரோ உட்கார்ந்து நாட்டுக்குப் போடும் மார்க் இல்லை. வருஷத்துக்கு நாட்டுக்குச் சுமார் ஆயிரம் பேரிடம் கேட்கிறார்கள்: ஒரு ஏணியை நினைத்துக்கொள், உனக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை 10ஆம் படி, மிக மோசமானது 0, இப்போது நீ எந்தப் படியில் நிற்கிறாய்? மூன்று வருஷப் பதில்களின் சராசரிதான் பேப்பரில் வருவது. இந்தத் தடவை இவர்களுக்கு 7.736. நாம் 147 நாடுகளில் 118. நேற்று சிரித்தாயா என்பதெல்லாம் அந்த எண்ணில் சேராது. சேர்த்திருந்தால் என் கீழ்வீட்டுத் தாத்தா நாட்டையே கவிழ்த்திருப்பார்.

அவரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேனே, மாடிப்படியில் என் காலடி கேட்டால் நான் போகும்வரை கதவைத் திறக்காமல் உள்ளேயே நிற்பவர். போன வாரம் குப்பை போடும் இடத்தில் மாட்டிக்கொண்டார். வேறு பேச்சு தெரியாமல் இந்த ஏணிக் கேள்வியையே கேட்டுவிட்டேன். வெகுநேரம் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு "எட்டு" என்றார். மனைவி போய் நாலு வருஷம், மகன் ஸ்வீடனில். எப்படி எட்டு என்றேன். வீடு சூடாக இருக்கிறது, பென்ஷன் வருகிறது, வியாழக்கிழமை ஏழு மணிக்கு சவுனா முறை தன்னுடையது, வேறென்ன வேண்டும் என்றார். (சவுனா என்றால் சூடேற்றிய அறையில் உட்கார்ந்து வியர்க்கிற குளியல். கட்டடத்துக்குப் பொதுவாக ஒன்று உண்டு. மாதாமாதம் தனியாகப் பணம் கட்டி முறை வாங்கணும். நான் வாங்கவில்லை, எனக்கு அவ்வளவு சூடு ஒத்துக்கொள்ளாது.) பிறகு "நீ?" என்று திருப்பிக் கேட்டார். மரியாதைக்கு நானும் எட்டு என்றேன்.

நாட்டுக்கு நாடு ஏன் வித்தியாசம் என்பதற்கு ஆறு விஷயம் வைத்துப் பார்க்கிறார்கள். வருமானம், ஆரோக்கியமான ஆயுள், இஷ்டப்படி வாழ்கிற சுதந்திரம், கொடுக்கிற மனசு, லஞ்சம், அப்புறம் ஒன்று: கஷ்டம் என்றால் நம்பிப் போக ஒரு ஆள் இருக்கிறதா? எனக்கு யோசிக்காமல் உன் முகம்தான் வந்தது. ஆனால் நீ இருப்பது கோவில்பட்டியில். இந்த வருஷ அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது, மதியமும் இரவுமாக வாரத்தின் 14 வேளையில் எத்தனை வேளை தெரிந்தவர்களோடு சாப்பிட்டாய் என்று. அதை நான் எண்ணவில்லை.

இங்கே இப்போது பத்தரைக்கு விடிந்து இரண்டு மணிக்கு இருட்டிவிடுகிறது. நேற்று புளிக்குழம்பு வைத்தேன். கடைசியில் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து அம்மா நம் கையில் ஆளுக்கு ஒரு உருண்டை வைப்பாளே, அதேபோல் பிசைந்தேன். இரண்டு உருண்டை வந்தது. சரி, விடு.

வேலையில் இந்த மாதம் நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், படிக்க வசதிதான். அதனால் உன் சங்கிலியைத் தைக்குள் திருப்ப முடியும் என்று தோன்றவில்லை. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துவிடு, அத்தானிடம் நானே பேசுகிறேன். பெரியப்பா சுவர் விஷயத்தில் சர்வேயர் வருமுன் அப்பா எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. பத்திர நகலை ஃபோட்டோ எடுத்து அனுப்பு, இரண்டாம் பக்கம் போனதடவை மங்கலாக வந்திருந்தது.

உன் தம்பி