1998-இன் அளவுகோல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 அமெரிக்க அதிபர் தேர்தல் செய்திகளில், பழமைவாதக் கிறிஸ்தவர்கள் என்றாலே டொனால்ட் டிரம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாக்களிப்பவர்கள் என்ற சித்திரமே வந்தது. கருக்கலைப்பை உயிர்க்கொலை என்றே கருதும் அமெரிக்க வாக்காளனான எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது.

அன்றைய அதிபர் பில் கிளின்டனுக்கும் மோனிகா லெவின்ஸ்கிக்கும் இருந்த தகாத உறவு விவகாரமாக வெடித்த 1998-இல், பொதுப் பதவி வகிப்போரின் ஒழுக்கம் முக்கியம் என்று பழமைவாதப் புராட்டஸ்டன்ட் அமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் சபைகளின் மாநாடு தீர்மானமே நிறைவேற்றியது. அந்த அளவுகோலை 2016-இல் எங்களில் பெரும்பாலோர் பரணில் போட்டுவிட்டு டிரம்புக்கு வாக்களித்தோம், நானும்தான். உச்ச நீதிமன்ற நியமனங்களை எண்ணியே அப்படிச் செய்தோம். டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகளும் ஆதரித்ததாலேயே கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக்கிய 1973-இன் ரோ எதிர் வேட் தீர்ப்பு 2022 ஜூனில் ரத்தானது என்பதை இன்றும் நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், 2024 ஜூலையில் குடியரசுக் கட்சி ஏற்ற தேர்தல் அறிக்கையில், கருக்கலைப்புக்கு நாடு தழுவிய வரம்பு கோரும் வாசகமும், திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற வாசகமும் காணாமற்போயின. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸோ கருக்கலைப்பு உரிமையையே தம் பிரசாரத்தின் மையமாக்கியதால், அந்தப் பக்கம் செல்ல என் மனச்சாட்சி இடம்தரவில்லை. அதற்கு முன்பே, அவ்வாண்டு ஈஸ்டருக்குச் சில நாள் முன்பு, அமெரிக்க அரசியல் சாசனத்தையும் சேர்த்துக் கட்டிய வேதாகமத்தை 59.99 டாலருக்கு வாங்கச் சொல்லி டிரம்ப் விளம்பரம் செய்தார். (எங்கள் வீட்டில் ஏற்கெனவே நான்கு வேதாகமங்கள் உள்ளன.)

எங்கள் போதகர்கள் வேட்பாளரைப் புகழ்வதற்கு முன், 1998 தீர்மானத்தைச் சபையில் ஒருமுறை உரக்க வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டெக்சாஸ்