தள்ளாத மூளை

மக்கா சேவியரே,

வாய்ஸ் மெசேஜ் போட்டா பாதி கேக்கதுக்குள்ள நீ போன் அடிப்ப, பொறவு நான் சொல்ல வந்தத சொல்ல விடமாட்ட, அதனாலதான் டைப் பண்ணுறேன். ஓணத்துக்கு பொறவு ஒரு வரிகூட போடலன்னு ஏசாத. அம்மைக்கு முட்டுவலி அப்படியே இருக்கு, ரப்பர் விலைய சொன்னா எனக்கு பிரஷர் ஏறும், மோகன் இன்னும் அதே புல்லட்டுதான், அதே கடன்தான். செரி விசயத்துக்கு வாறேன்.

காத்துலயும் நிலநடுக்கத்துலயும் கட்டடம் ஆடுறத அடக்குறது எப்படின்னு காட்ட, எங்க காலேஜ் பைனல் இயர் பயலுவ அலுமினிய பட்டையில மூணு மாடி கட்டட மாடல் ஒண்ணு செஞ்சானுவ. மொட்டை மாடியில ஒரு குட்டி மோட்டார், அது ஒரு இரும்புக் கட்டிய இடமும் வலமும் ஓட்டும். சென்சார் ஆட்டத்த பாத்து சொல்லும், புரோகிராம் கணக்கு போட்டு கட்டிய ஓட்டும், அந்த எதிர்விசையில ஆட்டம் அடங்கணும். மார்க் போட வெளிய இருந்து வந்த எக்ஸ்டர்னல் சாரும் வந்து இருந்தாச்சு, ஸ்விட்ச் போட்டானுவ. சவம் அடங்குறதுக்கு பதிலா ஆட்டம் ஏறுது மக்கா! மேல மேல ஏறி, கட்டி தெறிச்சு அவரு சாயா கிளாசு பக்கத்துல போயி விழுந்துது.

காரணம் என்னன்னா, சென்சார் சத்தத்த வடிகட்ட போட்ட பில்டர்ல தாமதம். அந்த மாடல் செகண்டுக்கு ரெண்டு தரம் ஆடும், அப்ப பாதி ஆட்டம்னா கால் செகண்ட்தான். கால் செகண்ட் லேட்டானா தடுக்க வேண்டிய விசை அப்படியே தள்ளுற விசையா மாறிரும். உன் கல்யாணத்துல பேண்டுக்கு மோகன் தாளம் பிந்தி கை தட்டுனான்லா, அதே கேசு.

அதுல இருந்து எனக்கு இதே யோசனைதான், ஒறக்கம் இல்ல. டோக்கியோவுல கியோபாஷி செய்வான்னு ஒரு ஒல்லி பில்டிங், 11 மாடி, 1989ல அதுக்கு மேல ரெண்டு எடைய வச்சு கம்ப்யூட்டர் தள்ளுற மாதிரி பண்ணுனாங்க, நெசக் கட்டடத்துல உலகத்துலயே அதுதான் முதல். நீ போட்டோ அனுப்புனியே, தைவான்ல தைபே 101 கட்டடத்துக்குள்ள தொங்குற பந்து, 660 டன், அதுக்கு கம்ப்யூட்டர் மூளையே கிடையாது பாத்துக்க, சும்மா தொங்கும், கட்டடம் ஒரு பக்கம் போனா அது பிந்தி வந்து இழுக்கும். 2015 சூறாவளியில ஒரு மீட்டர் ஆடிச்சு, கரண்ட் ஒரு யூனிட் கேக்கல.

கரண்டுன்ன உடனே எனக்கு ஒக்கி புயல்தான் ஞாபகம். 2017 நவம்பர் 30, காத்து அடிச்சு ரப்பரும் வாழையும் சாஞ்சு, கம்பம் எல்லாம் மறிஞ்சு நாள் கணக்குல இருட்டுல கிடந்தோமே. கட்டடத்துக்கு மூளை வேண்டியது அந்த நேரத்துலதான், கரண்ட் போறதும் அந்த நேரத்துலதான். பொறவு எதுக்குடே அந்த மோட்டாரு?

அதுனாலதான் எனக்கு இப்ப எம்ஆர் டேம்பர் பைத்தியம் பிடிச்சிருக்கு. டேம்பர்னா ஆட்டத்த பிடிச்சு அடக்குற ஷாக் அப்சார்பர் மாதிரி சாமான், எம்ஆர்னா காந்தத்துல இறுகுற எண்ணெய் உள்ளது. சிலிண்டருக்குள்ள எண்ணெய், எண்ணெயில நுணுக்கமான இரும்புத்தூள், உள்ள பிஸ்டன்ல காந்தம் உண்டாக்குற காயில். கரண்ட் குடுத்தா கண்ணு மூடித் திறக்கதுக்குள்ள எண்ணெய் கட்டியாவும், நிறுத்துனா திரும்ப இளகிரும். மூளை எப்ப இறுக்கணும் எப்ப விடணும்னு மட்டும் சொல்லும், பேட்டரி போதும். பேட்டரியும் செத்தா? சாதா டேம்பர் மாதிரி கொஞ்சமாவது பிடிக்கும். முக்கியமா அதுக்கு தள்ளத் தெரியாது, தடுக்க மட்டும்தான் தெரியும், அதனால கணக்கு தப்புனாலும் கட்டடத்த அதுவா ஆட்டி விடாது. பயலுவ இப்ப மூளைக்கு நியூரல் நெட்வொர்க், அதான் தானா படிச்சுக்கிடுற புரோகிராம், போடணும்னு நிக்கானுவ. போடுங்கலே, ஆனா தள்ளுற கையில அத குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன். எனக்கு அது நெசமாவே பயம் மக்கா, உள்ள ஆளு ஒறங்குற கட்டடம்லா.

"நம்ம ஊருல எங்க சார் இத வைக்கும்"னு ஒருத்தன் கேட்டான். காத்தாடி நிக்குற முப்பந்தலுக்கு போயி பாருன்னேன். கோபுரம் முன்னயும் பின்னயும் ஆடும்போது இறக்கையோட சாய்வ லேசா திருப்பி ஆட்டத்த அடக்குற கண்ட்ரோல் புது காத்தாடியள்ல உண்டு. நாம பஸ்ஸுல போறப்ப அந்த காத்தாடியள எத்தனைன்னு எண்ணத்தான செஞ்சோம்.

இப்ப உனக்கொரு வேல. ஷார்ஜாவுல பழைய கார் ஸ்பேர் விக்குற கடையள்ல, கேடிலாக் ஷாக் அப்சார்பர், மேக்னெட்டிக் ரைடு உள்ளது, ஒண்ணு கிடைக்குமான்னு கேளு. உள்ள இதே எண்ணெய்தான். அடுத்த வருசம் ஆளு உயரத்துக்கு பிரேம் வெல்ட் பண்ணி மாட்டலாம்னு இருக்கேன். லீக் இருந்தா வாங்காத, கனெக்டர் வயர வெட்ட விடாத, விலைய முதல்ல எனக்கு சொல்லு, உன் இஷ்டத்துக்கு குடுத்துட்டு வராத.

மேரிக்கும் பிள்ளையளுக்கும் கேட்டேன்னு சொல்லு.

தங்கம்