மைனிக்கு, தையல் மெஷின் பக்கத்திலிருந்து

அன்புள்ள மைனி,

"பழைய ப்ளவுஸ் எல்லாம் ஒரு பக்கம் தொளதொளன்னு நிக்குது. இனி புடவை எதுக்கு, நைட்டி போதும்" என்று, புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு, போனில் சொன்னீங்க. போனிலேயே பதில் சொல்லியிருந்தால் ரெண்டு பேரில் ஒருத்தர் அழுதிருப்போம். அதனால் எழுதுகிறேன். பெயர் போடாமல் பொதுவில் எழுது என்று நீங்களே சொல்லிவிட்டீங்க. கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கிற பெண்கள் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

முதலில் தையல்காரியாகப் பேசுகிறேன், நாத்தனார் அப்புறம் வருவாள். முந்தானை விழுவது இடது தோளில். உங்களுக்கு ஆபரேஷன் ஆனதும் இடது பக்கம்தான். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இடது பக்கவாட்டில் நிற்கிறவர் கண்ணுக்குத்தான் அந்த வெறுமை தெரியும். பஸ்ஸில் இப்போதெல்லாம் இடது ஜன்னலோரமே தேடுறீங்க என்று அண்ணன் சொன்னபோதே காரணம் எனக்குப் புரிந்தது.

இதைச் சரிசெய்ய புது ப்ளவுஸ்கூட வேண்டாம். டார்ட்டைத் தொடாமல், உள்பக்கம் மல் துணியில் ஒரு பை வைத்துத் தைக்கலாம். பையின் வாய் மேலே இருக்கக் கூடாது, அக்குள் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் குனிந்து கோலம் போட்டாலும் உள்ளே வைத்தது எட்டிப் பார்க்காது. கைக்குழியை அரை இஞ்ச் தளர்த்தி, தழும்பு மேல் தையல் உரசாதபடி ஓரத்தை மடித்துவிடுவேன். ஹூக் முன்னால்தான் இருக்கணும். கையைப் பின்னால் வளைக்கிற வேலையே வேண்டாம்.

பைக்குள் என்ன வைப்பது? புண் முழுசாக ஆறும்வரை பஞ்சு மட்டும், அதுவும் லேசாக. ஆறின பிறகு, டாக்டர் சரி என்று சொன்னதும், எடையுள்ளதற்கு மாறணும். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு பக்கம் பாரமும் மறுபக்கம் ஒன்றுமில்லாமலும் இருந்தால் தோள் தானாகக் கோணும், கழுத்தும் முதுகும் வலிக்கும். சிலிக்கானில் செய்த செயற்கை மார்பை அளவு பார்த்து வாங்கலாம். காசு பார்த்தால் நானே தைத்துத் தருகிறேன்: பஞ்சுக்கு அடியில் கடுகு நிறைத்த சின்னப் பை, மறுபக்கத்துக்கு ஏற்ற எடையில். அரிசி போடச் சொல்வார்கள், கேட்காதீங்க. நம்ம ஊர் மழைக்கு வண்டு வந்துவிடும். கல்யாண வீட்டில் வண்டு வெளியே வந்தால் என் கடைப் பேர்தான் போகும். சிலிக்கான் என்றால் தினமும் மிதமான சோப்பில் கழுவித் துடைக்கணும், ஊக்கு பக்கத்தில் போகக் கூடாது. அந்த இடம் மரத்திருப்பதால் ஊக்கு குத்தினாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

இதையெல்லாம் சொன்னேன் என்பதற்காக வைத்தே தீரணும் என்று இல்லை. வீட்டில் இருக்கும்போது ஒன்றும் வைக்க வேண்டாம். வெளியேயும் வேண்டாம் என்று தோன்றினால் அப்படியே போங்க. பெண் மார்பை எப்படி மூடணும் என்று சர்க்கார் சட்டம் போட்ட மண் இது. மார்பை மூடும் தோள்சீலைக்காக நம்ம பெண்கள் அடி வாங்கி, கலகம் நடந்து, 1859 ஜூலை 26-ல்தான் மூடலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டார். அதுவும் மேல்சாதிக்காரர்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அப்படி அடி வாங்கின பெண்களின் வம்சத்தில் வந்த நாம் பக்கத்து வீட்டுக்காரி பார்வைக்குப் பயந்தா உடுத்துவது?

நம்ம கன்னியாகுமரி 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் பெரிய வியாதி என்றால் நாம் இன்றும் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறுகிறோம். அங்கே டாக்டர் மலையாளத்தில் சொன்னதை அண்ணன் பாதி மட்டும் உங்களிடம் சொன்னார் என்று நினைக்கிறேன். உங்களைப் பயமுறுத்தக் கூடாதாம். ஆனால் ஆபரேஷன் பண்ணின இடத்திலிருந்து டியூபில் வடிந்த நீரை ஒவ்வொரு நாளும் அளந்து, ரப்பர் ஷீட் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மில்லி கணக்கில் எழுதி வைத்ததும் அதே மனுஷன்தான். "ஒரு நாளைக்கு முப்பதுக்குக் கீழே வந்தா எடுத்துடுவாங்க" என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்வார். அவர் உங்க பக்கம் பார்க்காமல் திரும்பிப் படுப்பதை வெறுப்பு என்று எடுத்துக்காதீங்க. எங்கே கை பட்டால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. நீங்களே ஒரு நாள் தழும்பைக் காட்டி, இங்கே தொடலாம், இங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. அண்ணனைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்கு அடி விழும்.

அவர் சொல்லாமல் விட்ட பாதி கையைப் பற்றியது. அக்குளில் நிணநீர்க் கணுக்கள் என்கிற சின்ன முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு அந்தக் கை பிற்பாடு வீங்கலாம், வருஷங்கள் கழித்துக்கூட. எல்லோருக்கும் வராது. வளையல் திடீரென்று இறுகினால், கை கனத்தால் உடனே காட்டணும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போகணும், மறுநாள் என்று வைக்கக் கூடாது. கையை அசைக்காமல் இடுப்போடு ஒட்டி வைப்பதும் தப்பு, தோள் இறுகிவிடும். சொல்லிக் கொடுத்த மாதிரி சுவரில் விரலால் ஏறுங்க. ஏறின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, அடுத்த வாரம் அதற்கு மேல் ஒரு கோடு. அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு மாதிரி இழுக்கிறது என்றீங்களே, அது பலருக்கும் வருவதுதான், பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகும். அடுத்த முறை போகும்போது காட்டிவிடுங்க.

இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: உழிச்சல் வேண்டாம். நம்ம பக்கம் தைலம் போட்டு உருவிவிடுகிற வைத்திய ஆசான்மாருக்குக் குறைவில்லை, சுளுக்குக்கும் முறிவுக்கும் நானும் போகிறவள்தான். ஆனால் இந்தக் கையில் தைலம் போட்டு அழுத்தி உருவினால் வீக்கம் கூடும். யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், எங்க அம்மாவே சொன்னாலும் வேண்டாம்.

இனி அண்டியாபீஸ், அதுதான் நீங்க வேலை பார்க்கிற முந்திரி ஆலை. அண்ணன் போக வேண்டாம் என்கிறார், நீங்க போகணும் என்கிறீங்க. நான் உங்க கட்சி. இருபது பேரோடு உட்கார்ந்து வம்பு பேசாமல் மைனி வீட்டில் எப்படி இருப்பீங்க? ஆனால் அண்டி உடைக்கிற இடத்துக்குத் திரும்பக் கூடாது. அண்டியைப் பிடிப்பது இடது கை, தோட்டு எண்ணெய் தோலை அரிக்கும், சாம்பல் பூசினாலும் விரல் வெந்துதான் போகிறது. அந்தக் கையில் சின்னப் புண் வழியாகக்கூட கிருமி நுழையும். பருப்பைத் தரம் பிரிக்கிற மேசைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்க. கூலி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அவசரமும் இல்லை. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி உண்டு. புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் வருவதால், ரெண்டு வருஷம் விடாமல் வேலை செய்து சந்தா கட்டியவர்களுக்கு அதற்கு மேலும் 80 சதவீதம் கிடைக்கும், ரெண்டு வருஷம் வரை. உங்களுக்குப் பிடித்தம் எத்தனை வருஷமாகப் போகிறது என்று சூப்பர்வைசரிடம் நானே கேட்கிறேன். கார்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரே கவரில் போட்டு வையுங்க. சனிக்கிழமை மார்த்தாண்டம் வருகிறேன், சேர்ந்து போய் விண்ணப்பம் கொடுத்துவிடலாம்.

உங்க நாத்தனார்