ஊர்க்குளம் தூர்வாரின வேலை முடிஞ்சது: உறுப்பினர்களுக்கு குழு சார்பா கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் வைகாசில ஆரம்பிச்ச குளத்து வேலை, தை பொறந்த பிறகு இப்பதான் முடிஞ்சதுன்னு தைரியமா சொல்ல முடியுது. பணம் குடுத்தவங்க, சிங்கப்பூர்லேருந்து அனுப்புனவங்க, குடுக்காம கேள்வி மட்டும் கேட்டவங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறோம். வரவு செலவு ரசீதோட கோயில் மண்டபத்து போர்டுல ஒட்டியிருக்கு, பாத்துக்கங்க.

2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சு தென்னை பூரா சாஞ்சு கெடந்தப்பவே குளத்துல கை வைக்கணும்னு பேச்சு வந்துச்சு. அடுத்த வருஷமே பேராவூரணி பசங்க அவங்க ஊர் பெரியகுளத்தை தூர்வார இறங்கிட்டாங்க, நாம அதை வீடியோல பாத்து பேசிப்பேசியே இத்தனை வருஷம் ஓட்டிட்டோம், அதையும் ஒத்துக்கணும்ல.

வண்டல் எடுக்க 2024-லேருந்து தாசில்தாரே அனுமதி குடுக்கலாம்னு வந்ததால அலைச்சல் கொஞ்சம் குறைஞ்சுது. மண்ணை சூளைக்கு வித்தா வசூலே தேவையில்லயேன்னு சில பேர் சொன்னீங்க. அனுமதி வாங்குனது வயலுக்கு, அதனால கரைக்குப் போட்டது போக மிச்சம் எல்லாம் வயலுக்குத்தான் போச்சு, சூளைக்கு ஒரு டிராக்டர்கூட போகல.

தப்பு நடந்ததையும் மறைக்கல. வடகிழக்கு மூலையில ஹிட்டாச்சி வெட்டுறப்ப கரையில நின்ன நம்ம குழு ஆளுங்கதான் "இன்னும் ரெண்டடி போங்கண்ணே"ன்னு சொல்லிட்டாங்க, அடுத்த பக்கெட்ல களிமண்ணுக்கு பதிலா மஞ்சளா மணல் வந்துச்சு. பாத்துட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் "போதும்டா, பானையை ஓட்டை போட்டுட்டீங்க"ன்னு தலையில அடிச்சுக்கிட்டார். குளத்துல தண்ணி நிக்கிறதே அடியில இருக்குற அந்த களியாலதான், அதை அறுத்துட்டா எவ்ளோ ஆழம் வெட்டி என்ன, தண்ணி கீழ இறங்கிடும். கரைக்கு கொட்டுன களியையே திருப்பி அள்ளிப் போட்டு, தண்ணி விட்டு, டிராக்டரை அரைநாள் மேலயே ஓட்டி மெத்துனோம். அந்த டீசல் காசை வசூல்ல எழுதல, சொன்னவங்களே போட்டுட்டாங்க.

நெசமான வேலை குளத்துல இல்ல, வரத்து வாய்க்கால்லதான். நெய்வேலி காட்டாமணக்கு ஆள் உசரத்துக்கு மண்டிக் கெடந்துச்சு, அதுக்கு நடுவுல மூணு வீட்டு மாட்டுக்கொட்டகை வேற. நோட்டீஸ் கீட்டீஸ் ஒண்ணும் இல்ல, நாலு தடவை திண்ணையில உக்காந்து டீ குடிச்சு பேசுனோம், அவங்களே பிரிச்சுக்கிட்டாங்க. பேரு போட வேணாம்னாங்க, ஆனா நன்றி சொல்லாம இருக்க முடியல. ஜூன் 12 மேட்டூர் தெறந்தும் நம்ம கடைமடைக்கு வர நாளாச்சு. ஒருநாள் விடியக்காலம் செத்தையும் நுரையுமா தண்ணி வாய்க்கால்ல தலையை நீட்டுனப்ப, பல்லு வெளக்கிட்டு இருந்தவங்க எல்லாம் பிரஷோடயே ஓடிவந்தாங்க.

இனி குப்பை கதை. சேறு அள்ள மிஷின் இருக்கு, சேத்துக்குள்ள இருக்குற பாம்பர்ஸை பிரிக்க மிஷின் இல்ல, அது மகளிர் குழு அக்காங்க கையாலதான் பொறுக்குனாங்க, தண்ணி குடிச்சு தலையணை மாதிரி ஊதிக் கெடந்துச்சு. ஷாம்பு பாக்கெட்டு, குவாட்டர் பாட்டில் கணக்கே இல்ல. 2019 ஜனவரி 1-லேருந்து தடை இருக்குற பிளாஸ்டிக் கப்பு நம்ம கோயில் அன்னதானத்துலேருந்தே பறந்து வந்து விழுந்துருக்கு, வெளியூர்க்காரன் வந்து போடல.

அதனால மிச்சப் பணத்துல எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி மண்டபத்துல வச்சுருக்கோம். காதுகுத்து, வளைகாப்புக்கு வாடகை கெடையாது, கழுவி எண்ணித் திருப்பிக் குடுத்தா போதும். பொங்கலுக்கு எடுத்துட்டுப் போனதுல நாலு டம்ளர் இன்னும் வரல.

கரையில புரட்டாசில பத்தடிக்கு ஒண்ணா போட்ட பனங்கொட்டை நல்லா முளைச்சுது. தெக்குக் கரையில மட்டும் ஒரு வரிசையே காணோம், நாய் தோண்டுச்சோன்னு பாத்தா, பசங்க கெழங்கைப் புடுங்கி அவிச்சு தின்னுருக்கானுங்க. யாருன்னு தெரியும். வர்ற புரட்டாசில அந்த வரிசைக்கு கொட்டை பொறுக்கிட்டு வந்து போடுறது அவனுங்க பொறுப்புன்னு சொல்லியாச்சு, ரெண்டு பேரோட அப்பாவும் குழுவுலதான் இருக்காங்க.